ஐநூற்றுப் பன்னிரண்டு

நான் ரீடிங் எடுக்கிறவள்.
முனிச்சாலையிலிருந்து தெப்பக்குளம் வரை
எந்த வீட்டு மீட்டர் எந்த மூலையில்,
எந்த நாய் கயிற்றோடு, எது கயிறில்லாமல்,
எல்லாம் தெரியும்.
வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாது.
மாடிப்படிக்குக் கீழே, செருப்புகளுக்கு நடுவே,
அதோடு சரி.

விளையாட்டில் அப்படியில்லை.
தொட்டால் கதவு திறக்கும்.
யார் வீட்டுச் சோபாவிலும் உட்காரலாம்,
அடுப்பில் இருப்பதை எடுத்துத் தின்னலாம்.
பேச்சியம்மாள் அங்கே லூனா.
பச்சை மாடி வீடு, பின்வாசலில் கடல்.
மதுரைக்காரிக்குக் கடல்!
பகல் என்பது இருபதே நிமிஷம்.
நான் காலையிலிருந்து சுமக்கிற வெயிலை
அந்த ஊரில் ஒரு டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறார்கள்.

தலைக்கு மேல் நாலு கோடு:
பசி, தூக்கம், குளியல், சந்தோஷம்.
குறைந்தால் சிவக்கும்.
லூனாவைக் குளிப்பாட்டி, சோறு போட்டு,
படுக்கவைத்து நிமிர்ந்தால் மணி ரெண்டே கால்.
என் தலைக்கு மேல் கோடு கிடையாது.
இருந்தாலும் பார்க்க ஆளில்லை,
வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு நாமக்கல் போயிருந்தார்.
சீட்டுப் பணத்தில் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது
ஒரு மாடிப்படிக்குப் போனது.
அன்றைக்கு முப்பது தடவை ஏறி இறங்கினேன்,
மூட்டு வலிக்கவில்லை என்பதற்காகவே.

ஒருத்தன் மூன்று நாள் பின்னாலேயே வந்தான்.
வயசு? போட்டோ?
பிளாக் பண்ணினேன், வேறு சட்டையில் வந்தான்.
தெருவாக இருந்தால் டார்ச்சாலேயே போட்டிருப்பேன்.
நாலு நாள் எட்டிப் பார்க்காவிட்டால்
ரோஜா கருகும், நாய் வாசலையே பார்த்து நிற்கும்.
அந்த நாயை இப்படி நிற்கவைக்க
யாரோ சம்பளம் வாங்கியிருக்கிறான்.

ஒரு ராத்திரி லூனா வீட்டுக் கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள்.
பில் கட்டவில்லையாம்.
எனக்கு!
போர்வைக்குள் தனியாகச் சிரித்தேன்.
பக்கத்து வீட்டு வயலெட் வந்தாள்.
ஊதாக் கூந்தல், இருபத்திரண்டு வயது, ஊர் டொராண்டோ.
'கவலப்படாதப்பா' என்று எழுதிவிட்டு
அவள் காசில் என் பில்லைக் கட்டினாள்.
விளக்கு எரிந்ததும் ஒரு ஆட்டம்,
கையை ஆட்டி, குதிகாலைத் தட்டி.
பதினோரு வருஷ சர்வீசில்
யாரும் எனக்கு ஒரு டீக்குக் காசு கொடுத்ததில்லை.

வைகாசியில், மூன்றாவது சந்து.
அட்டையில் பெயர் தாமோதரன்.
அறுபது இருக்கும். பனியன், மடியில் முறம் நிறையப் பூண்டு,
முறத்தின் விளிம்பில் சாய்த்துவைத்த போன்.
ஜன்னல் கம்பி வழியே பார்த்தேன்:
பச்சை மாடி வீடு. பின்வாசலில் கடல்.
ஊதாக் கூந்தல் குனிந்து
என் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

'உள்ள என்ன பார்வை? மீட்டர் அங்கருக்கு.'
பார்த்தேன். கழித்தேன். ஐநூற்றுப் பன்னிரண்டு.
'அதெப்பிடி? ஐநூறத் தாண்டுனா வேற ரேட்டாச்சே!
ரெண்டு நாள் முந்தி வந்திருந்தா தப்பிச்சிருப்பேன்.
வேணும்னே லேட்டா வர்றீங்க.'
பூண்டுத் தோல் ஃபேன் காற்றில் பறந்து
என் கால்வரை வந்தது.
சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது.
எண்ணை எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், நீட்டினேன்.
தண்ணி வேணுமா என்று அவர் கேட்கவில்லை.
ரோஜா நனைந்திருந்தது.

அன்று ராத்திரி வயலெட் வீடு இருட்டு.
வாசலில் நின்றாள், பசிக்கோடு சிவந்து.
என்னாச்சு?
'இந்த மாசம் செலவு ஜாஸ்திப்பா.'
டொராண்டோவிலா என்று கேட்கவில்லை.
என் காசில் கட்டினேன்.
ஆடினாள். கையை ஆட்டி, குதிகாலைத் தட்டி.
எனக்குப் பூண்டு வாசம் அடித்தது.
உள்ள வா என்றாள்.
போனேன். உட்கார்ந்தேன்.

ஆடியில் மறுபடி அந்தச் சந்து.
ரெண்டு நாள் முந்தியே போய்விடலாமா
என்று பார்க்கிறேன்.